இறப்பு நேரமா, இறப்புக் கழிநேரமா?

அன்பர்களுக்கு,

ஒருவர் இறந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்பதற்கு (ஆங்கிலத்தில் postmortem interval) தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று வந்த யோசனைகளைப் பற்றி எழுதுகிறேன். 'இறப்பு நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் புரியும்' என்ற யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். புரியும்தான். ஆனால் தவறாகப் புரியும். இறப்பு நேரம் என்பது கடிகாரத்தில் ஒரு புள்ளி, இரவு 11:40 என்பதுபோல. தடயவியல் மருத்துவர் உடலைப் பார்த்துச் சொல்வது அதுவல்ல. பார்த்த நேரத்திலிருந்து பின்னோக்கி எத்தனை மணி நேரம் என்ற நீளத்தைத்தான் சொல்கிறார். அந்த நீளத்தைக் கழித்தால்தான் புள்ளி கிடைக்கும். நீளத்தில் பிசகு இருந்தால் புள்ளியும் நகர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் '18 முதல் 26 மணி நேரம்' என்று அவர் எழுதியதைப் படிப்பவர், ஏதோ ஒரு மணியை அடித்துச் சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொள்வார்.

'இறந்தகாலம்' என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். சிரித்தேன், அப்புறம் யோசித்தேன். இறத்தல் என்ற சொல்லுக்குப் பழைய பொருளே கடத்தல்தான். கடந்துபோன காலம் இறந்தகாலம், உலகைக் கடந்துபோனவர் இறந்தவர். பொருளளவில் இதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையாது. என்ன செய்வது, இலக்கணம் முந்திக்கொண்டுவிட்டது. 'இறந்தகால மதிப்பீடு' என்று தலைப்பிட்டால் வினைமுற்றைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துத் தமிழாசிரியர்கள் மட்டும்தான் படிப்பார்கள்.

'இறப்பகவை' காதுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதை இறக்கும்போது இருந்த வயது என்றுதான் பத்தில் ஒன்பது பேர் படிப்பார்கள். எலும்பையும் பல்லையும் வைத்து இறந்தவரின் வயதைச் சொல்வதும் இதே துறையின் வேலை என்பதால், ஒரே அறிக்கைக்குள் குழப்பம் வரும். 'பின்னிறப்பு இடைவெளி' வேண்டவே வேண்டாம். முற்பிறப்பு என்றால் முந்தைய பிறப்பு. அதே கணக்கில் பின்னிறப்பு என்றால் அடுத்த இறப்பு ஆகிவிடும்.

நான் முன்வைப்பது 'இறப்புக் கழிநேரம்'. ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால் பிறகு வெறும் 'கழிநேரம்' போதும். கழிந்த நேரம் என்று நாம் அன்றாடம் சொல்வதுதான், வினைத்தொகையாகச் சுருங்கியிருக்கிறது. கழிவறை நினைவு வருகிறது என்பார்கள். பொழுதைக் கழிக்கிறோம், ஆண்டுகள் கழிந்தன என்கிறோம், அப்போதெல்லாம் வராத நினைவு இங்கே மட்டும் ஏன் வரவேண்டும்? 'கழி' மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல்லும் ஆயிற்றே, கழிபேருவகை போல, என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கலாம். சரி, அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. 'கழிகாலம்' என்று ஏன் வைக்கவில்லை என்றால், ழகரம் வராதவர் வாயில் அது கலிகாலம் ஆகிவிடும்.

அடுத்து, இந்தக் கழிநேரத்தைக் கண்டு சொல்லும் வேலைக்குப் பெயர் நிர்ணயமா, கணிப்பா, மதிப்பீடா? இதில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். கணிப்பில் ஜாதக வாடை அடிக்கிறது. நிர்ணயம் என்றால் முடிந்த முடிவு. இந்த வேலையில் முடிந்த முடிவு கிடையாது என்பதற்குக் கண்ணுக்குள் இருக்கும் ஒரு சாட்சியைக் காட்டுகிறேன். லென்சுக்குப் பின்னால் கண் உருண்டையை நிரப்பியிருக்கும் கூழ் போன்ற விட்ரியஸ் திரவத்தைத்தான் சொல்கிறேன். உயிரோடிருக்கும்வரை செல்கள் பொட்டாசியத்தை உள்ளேயும் சோடியத்தை வெளியேயும் தள்ளி வைக்கின்றன. இறந்ததும் அந்த இறைப்பு நின்றுபோகிறது. விழித்திரைச் செல்களிலிருந்து பொட்டாசியம் மெல்லக் கசிந்து திரவத்தில் சேர்கிறது. கண் உருண்டை ஒரு மூடிய பாத்திரம் போல இருப்பதால், இரத்தத்தைப் போலச் சீக்கிரம் கெட்டுப்போகாமல் இந்த ஏற்றம் ஓரளவு சீராக நடக்கிறது.

ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்ததில் பொட்டாசியம் லிட்டருக்கு 10 மில்லிமோல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1963-இல் ஸ்டர்னர் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரப்படி, அதை 7.14 ஆல் பெருக்கி 39.1 ஐக் கழித்தால் 32.3 மணி நேரம். பின்னால் வந்த மாடெயா என்ற இன்னோர் ஆய்வாளரின் சூத்திரப்படி, 5.26 ஆல் பெருக்கி 30.9 ஐக் கழித்தால் 21.7. ஒரே கண், ஒரே அளவு, விடையில் பத்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். இதற்குள் ஒருவர் வேறோர் ஊருக்குப் போய்த் திரும்பிவிடலாம். இதைப் போய் நிர்ணயம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'கழிநேர மதிப்பீடு' என்றே இருக்கட்டும்.

இப்படிக் கழிநேரத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்தப் பொட்டாசியம் போன்ற பொருளை என்ன சொல்வது? 'உயிர்க்குறி' என்ற முன்மொழிவில் ஒரு சங்கடம் உண்டு. நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் இவற்றைத்தான் ஏற்கெனவே உயிர்க்குறிகள் என்கிறோம். சடலத்தில் உயிர்க்குறி தென்பட்டது என்று அறிக்கையில் எழுதினால் வீட்டார் ஓடி வருவார்கள். 'உயிர்வேதிச் சுட்டி' என்று வைக்கலாம், அது காலத்தைச் சுட்டுகிறது. செல்லச் சேட்டைக்காரப் பிள்ளையும் சுட்டிதான், பரவாயில்லை.

கழிநேரத்தை மதிப்பிட உடலில் பார்க்கும் பழைய மூன்று குறிகளுக்குச் சொல் தேட அதிகம் மெனக்கெட வேண்டாம். இறந்தபின் தசைகள் விறைப்பதற்குப் 'பிணவிறைப்பு' நிலைத்துவிட்டது. புவியீர்ப்பால் இரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் இறங்கித் தோலில் ஊதா நிறம் காட்டுவதற்குக் 'குருதிப் படிவு'. மூன்றாவதான உடல் வெப்பத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 'உடற்குளிர்வு' என்று வைத்தால், சுற்றுப்புறம் 37 பாகையைத் தாண்டிய இடத்தில் உடல் குளிராமல் சூடேறும்போது சொல் பொய்யாகிவிடும். நான் 'உடல்வெப்ப மாற்றம்' என்பேன்.

கடைசியாக, ஈக்கள். உடலை முதலில் தேடி வருபவை பெரும்பாலும் பச்சை, நீல நிறங்களில் மினுங்கும் ஈக்கள். புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது, அந்த நாட்களில் வெப்பம் எவ்வளவு என்று பார்த்தால், முட்டையிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியும். இறப்பு அதற்கும் முன்னால் நடந்திருக்கும். (உயிருள்ளவரின் புண்ணில் முட்டையிடும் ஈயும் உண்டு, அது வேறு கதை.) ஆகவே பூச்சியியலார் சொல்வது வழக்கமாகக் கழிநேரத்தின் கீழ் எல்லைதான். இங்கே 'இறப்பு நேரம்' ஆட்களுக்குத் திண்டாட்டம். 'குறைந்தபட்ச இறப்பு நேரம்' என்றால் ஏதாவது பொருள் வருகிறதா?

இந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்: 'புழுக்களின் வளர்ச்சியை வைத்துப் பார்த்தால் குறைந்தபட்சக் கழிநேரம் மூன்று நாள்.'