குழாயில தண்ணி வருதா, இல்லையா?

வடலி:
பக்கத்துத் திரியில கணக்கன் எழுதினது: "கனடாவில தண்ணி இல்லாத பூர்வகுடி ஊர் ஒண்டும் இல்லை. கொதிக்க வைச்சுக் குடி எண்டு சொல்றாங்கள், அவ்வளவுதான்." வாசிச்சதில இருந்து மனம் ஆறேல்லை. வட ஒன்ராறியோவில நெஸ்கன்டாகா. ரோட்டு இல்லாத பூர்வகுடி ஊர், பிளேனிலதான் போகோணும். 1995 பெப்ரவரியில "கொதிக்க வையுங்கோ" எண்டு அறிவிச்சது. 30 வருசம் கழிஞ்சும் எடுக்கேல்லை. அவ்வளவுதானாம்!

கணக்கன்:
ஒரே கேள்வி. குழாயில தண்ணி வருதா, இல்லையா?

வடலி:
வருது. 2020 ஒக்டோபரில எண்ணெயும் சேர்ந்து வந்தது. தொட்டியில படலம் மிதக்குது எண்டு தண்ணியைப் பூட்டி, கொரோனா நேரத்தில ஊர்ச்சனத்தைத் தண்டர்பே நகரத்து ஹோட்டலில கொண்டுபோய் வைச்சாங்கள். டிசம்பரிலதான் வீடு திரும்பினதுகள். எண்ணெயையும் கொதிக்க வைச்சுக் குடிக்கலாமோ, ஐயா?

கணக்கன்:
ஆக, அந்த ரெண்டு மாசம் தவிர வந்திருக்கு. நன்றி.

சும்மா_ஒருத்தி:
கணக்கன் சார், கொதிக்க வைக்கறது குடிக்க. கைக்குழந்தையைக் குளிப்பாட்ட? ஒரு வாளித் தண்ணியை அடுப்புல ஏத்தி, இறக்கி, ஆற வெச்சு, தினமும் செஞ்சு பாருங்க. அந்த ஊர்ல உடம்பெல்லாம் தடிப்புன்னு ஜனங்க எத்தனை வருஷமா சொல்றாங்க!

பனிக்காகம்:
செவ்விந்தியருக்கு வரியே இல்லை. நாங்கள் கட்டிற வரியிலதான் எல்லாம். பிறகும் அழுகை.

வடலி:
முதல்ல "செவ்விந்தியர்" எண்டு எழுதிறதை நிப்பாட்டும். வரிவிலக்கு ரிசர்வுக்குள்ள, அதாவது பூர்வகுடிகளுக்கு ஒதுக்கின நிலத்துக்குள்ள, உழைக்கிற காசுக்கு. டொரன்டோவில வேலை செய்தால் உம்மைப்போல அவையும் கட்டத்தான் வேணும்.

பனிக்காகம்:
பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் படிச்சனாங்கள். தமிழ் வாத்தியார் வேலை பாக்க வேண்டாம்.

வடலி:
சரி, இதைப் படியும். 2000 இல வோக்கர்டன் டவுனில கெட்ட தண்ணியால 7 பேர் செத்தாங்கள். 2002 இல ஒன்ராறியோ புதுச் சட்டமே போட்டது. அந்தச் சட்டம் ரிசர்வுக்குச் செல்லாது. அது மத்திய அரசின்ர பொறுப்பாம். மத்திய அரசு என்ன செய்தது? தண்ணி சுத்திகரிக்கிற ஆலையைக் கட்டிக் குடுத்திட்டு, அதை ஓட்டிற செலவுக்கு 1987 இல போட்ட கணக்கை வைச்சே காசு குடுத்தது. நான் சொல்லேல்லை, 2021 இல தலைமைக் கணக்காய்வாளர் எழுதினது. அந்தக் காசுக்கு ஆலை ஓட்ட ஆர் வருவான், வந்தால் எவ்வளவு காலம் நிப்பான்? அதோட வினிபெக் நகரம் 1919 இல இருந்து சோல் ஏரித் தண்ணியைக் குடிக்குது. அந்த ஏரிக்கரையிலயே இருக்கிற "சோல் லேக் 40" எண்ட பூர்வகுடி ஊர்ச்சனம் 1997 இல இருந்து போத்தில் தண்ணி!

கணக்கன்:
அங்க 2021 இல புது ஆலை திறந்தாச்சு. அதை மட்டும் சொல்லமாட்டீர். 2015 க்குப் பிறகு 140 க்கு மேல அறிவிப்பு எடுத்தாச்சு. அதையும் சொல்லமாட்டீர்.

வடலி:
மிச்சம்? 2021 மார்ச்சுக்குள்ள எல்லாத்தையும் முடிப்பன் எண்டவர் ட்ரூடோ. 2015 தேர்தல் திரியில அவருக்குத் தோரணம் கட்டினது ஆர்? நீர்.

கணக்கன்:
அந்தத் திரியில என்னைக் "கணக்குத் தெரியாத கணக்கன்" எண்டது ஆர்? நான் மறக்கேல்லை.

வடலி:
இப்பவும் அதைத்தான் சொல்றன். 1995. கழிச்சுப் பாரும்.

சும்மா_ஒருத்தி:
சார், குளிப்பாட்டறதுக்குப் பதில் வரலையே?

பனிக்காகம்:
அவை ரிசர்வை விட்டிட்டு டவுனுக்கு வரலாம்தானே?

வடலி:
பிறந்த மண்ணை விட்டிட்டு வா எண்டு சொல்ல உமக்கு வாய் எப்பிடி வந்தது? நாங்கள் ஆரெண்டு மறந்துபோச்சோ?

பனிக்காகம்:
எங்கட கதையை இதுக்குள்ள இழுக்காதையும்.

கணக்கன்:
எல்லாம் சரி. நான் கேட்டதுக்கு வடலி முதலே "வருது" எண்டு எழுதியிருக்கிறார். எல்லாரும் மேல போய் வாசியுங்கோ.

வடலி:
"எண்ணெயும் சேர்ந்து" எண்டதையும் சேர்த்து வாசியுங்கோ.