கோர் 2.0-க்குப் பிறகு பொது காம்போனன்ட்டில் தீம் பாதிதான் வருகிறது, உதவி தேவை

மூன்று துறைகளுக்கும் பொதுவான ரியாக்ட் காம்போனன்ட்டுகளை பிரைவேட் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு பேக்கேஜாக வைத்திருக்கிறோம்: தீம், பட்டன் உள்ள ‘கோர்’, அதைப் பயன்படுத்தும் தேதிப்பெட்டி உள்ள ‘ஃபார்ம்’. ரியாக்ட் 18.2, பேக்கேஜ் இன்ஸ்டாலுக்கு என்பிஎம் 9. மூன்று வாரம் முன்பு கணக்குத் துறை கோர் 2.0-க்கு மாறியது. எச்ஆர் இன்னும் 1.9.

அன்றிலிருந்து கணக்குத் துறைத் திரையில் பட்டன் பச்சை, அதே வரிசையில் தேதிப்பெட்டி மட்டும் டிஃபால்ட் நீலம். கன்சோலில் ஒரு எரரும் இல்லை. இன்ஸ்டால் ஆன பேக்கேஜ்களைக் காட்டும் என்பிஎம் எல்எஸ் போட்டால் ரியாக்ட் ஒன்றுதான், கோர்தான் இரண்டு, ஃபார்முக்குள் 1.9 தனியாக உட்கார்ந்திருக்கிறது. தீமைப் பகிரும் கான்டெக்ஸ்ட்டை உருவாக்கும் கிரியேட்கான்டெக்ஸ்ட் இருமுறை ஓடி இரண்டு தனி கான்டெக்ஸ்ட் உருவாவதால், 2.0-ன் புரொவைடர் தரும் தீம் மதிப்பு ஃபார்முக்குள் எட்டுவதில்லை.

இரட்டைப் பிரதிகளை ஒன்றாக்கும் டீடூப் ஓட்டினோம், ஃபார்ம் கேட்கும் ^1.9-க்குள் 2.0 அடங்காது என்பதால் பலனில்லை. ஃபார்மில் கோரை ^2.0 என்று பியர் டிபென்டன்சி (பயன்படுத்தும் ஆப்பே தர வேண்டிய பேக்கேஜ்) ஆக்கினால் எச்ஆரில் இன்ஸ்டாலே ஈரிசால்வ் (வெர்ஷன் மோதல்) எரரில் நிற்கிறது. ‘^1.9 || ^2.0’ கொடுத்தால் இன்ஸ்டால் ஆகிறது, ஆனால் 2.0-ல் தீமைப் படிக்கும் யூஸ்தீம் திருப்பித் தரும் ஆப்ஜெக்ட்டின் வடிவமே வேறு. ஒரே பில்ட் இரண்டிலும் ஓடவில்லை. சம்பள ரிலீஸ் முடியும்வரை எச்ஆரை மாற்றச் சொல்லவும் முடியாது.

கான்டெக்ஸ்ட்டை மட்டும் தனி பேக்கேஜாக்கி, மேஜர் வெர்ஷனே ஏற்றாமல், கோர் 1.x, 2.x இரண்டுக்கும் பியராகக் கொடுப்பதா, ஃபார்மை இரண்டு கிளையாகப் பராமரிப்பதா: நடைமுறையில் எது தாங்கும்?