ஃப்ரிட்ஜ் பின்னாடி கொசுப்புழு: "தானா வந்துச்சா, அம்மா கொசு போட்டுச்சா"ன்னு கேக்கறான், எப்படி சொல்லித் தர்றது?

சுபா_வேளச்சேரி:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் கார்ப்பரேஷன்ல இருந்து கொசு செக் பண்ற அக்கா வந்தாங்க, கையில டார்ச். சம்ப், மொட்டை மாடி டேங்க், துளசிச் செடிக்கு கீழ இருக்கற தட்டு எல்லாம் பாத்துட்டு நேரா கிச்சனுக்கு வந்து ஃப்ரிட்ஜ முன்னாடி இழுக்கச் சொன்னாங்க. பின்பக்கம் கீழ கம்ப்ரஸருக்கு மேல ஒரு ட்ரே இருக்கும்ல, அதுல ஒரு விரக்கடை தண்ணி, டார்ச் அடிச்சா உள்ள கருப்பு கருப்பா நெளியுது. அந்தக்கா தண்ணிய ஒரு வெள்ளை கிண்ணத்துல எடுத்து பசங்ககிட்ட காமிச்சாங்க பாருங்க, அன்னிலருந்து வீட்ல கேள்வி மேல கேள்வி.

பெரியவன் நாலாவது படிக்கறான். "ஃப்ரிட்ஜ் பின்னாடி யாரும்மா கொண்டு போய் போட்டா"ன்னான். எங்க மாமியார் "தேங்கின தண்ணில தானா புடிச்சுக்கும்டா"ன்னாங்க. உடனே "தானான்னா எப்படி பாட்டி, அம்மா இல்லாமயா"ன்னு கேட்டு அடுத்த நிமிஷமே "அப்பா கொசு எங்க"ன்னு என்னைப் பாக்கறான். சின்னவ ஒண்ணாவது, அவளுக்கு ஸ்கூல்லருந்து தலைல பேன் வேற, அவ கேள்வி "எனக்கும் தானா வந்துச்சா". இப்ப ஃப்ரிட்ஜ் பக்கமே போக மாட்டேங்கறா.

ஸ்கூல் புக்ல பட்டாம்பூச்சியும் தவளையும் வட்டமா அம்புக்குறி போட்டு இருக்கு, அதை ரெண்டு பேரும் ஒப்பிப்பாங்க, ஆனா வீட்ல இருக்கற கொசு ஈ பேனுக்கும் அதே கதைதான்னு அவங்களுக்கு ஓடல. பயமுறுத்தாம, பொய்யும் சொல்லாம எப்படி புரிய வைக்கறது? வீட்லயே செஞ்சு காட்டற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க, எந்த அளவுக்கு சொல்லலாம்ங்கறதும் சேர்த்து.

---

கிராமத்து_டீச்சர்:

மேடம் உங்க பையன் கேட்டது சாதாரண கேள்வி இல்ல, பெரிய பெரிய படிச்சவங்களே பல நூறு வருஷம் "தானா வரும்"னுதான் நம்பிட்டு இருந்தாங்க. 1668ல இத்தாலில ஃபிரான்செஸ்கோ ரெடின்னு ஒருத்தர் ஜாடிகள்ல இறைச்சியப் போட்டு சிலதைத் திறந்து வச்சார், சிலதை மெல்லிசு துணியால மூடினார். திறந்ததுல மட்டும் புழு. மூடினதுல இறைச்சி நாறிச்சே தவிர புழு இல்ல, வாசனைக்கு வந்த ஈ துணி மேல வந்து முட்டை போட்டுச்சு. அவ்வளவுதான் சோதனை, இதை உங்க கிச்சன்லயே செய்யலாம், இறைச்சி வேணாம், கனிஞ்ச வாழைப்பழம் போதும்.

ரெண்டு கண்ணாடி பாட்டில் எடுங்க. பழத்தைத் தோல் உரிச்சுட்டு போடணும், இது முக்கியம், ஏன்னா கடைல இருந்து வர்றப்பவே தோல் மேல பழ ஈ முட்டை இருக்கலாம், அப்புறம் மூடின பாட்டில்லயும் புழு வந்து நம்ம மானம் போயிரும். ஒண்ணைத் திறந்து வைங்க, இன்னொண்ணை வேட்டித் துணி ரெண்டு மடிப்பு போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்க, கொசுவலைத் துணி வேணாம், அந்தக் குட்டி ஈ அதுக்குள்ள பூந்துரும். சில நாள்ல திறந்த பாட்டில்ல வெள்ளை வெள்ளையா நூல் மாதிரி நெளியறது தெரியும், அப்ப அதையும் துணி போட்டு மூடிருங்க, பத்து நாள் சுமாருக்கு புது ஈ வந்துரும். தினம் என்ன தெரியுதுன்னு பையனையே படம் வரைஞ்சு தேதி போடச் சொல்லுங்க, நீங்க விளக்கவே வேணாம்.

இன்னொண்ணு. மாங்கொட்டையை உடைச்சா உள்ள ஒரு வண்டு இருக்கும், வெளில பழத்துல ஒரு ஓட்டை கூட இருக்காது, எல்லா ஊர் பசங்களும் இதைக் கேப்பாங்க. மாங்காய் பிஞ்சா இருக்கறப்பவே தாய் வண்டு தோல்ல கீறி முட்டை வச்சுரும், புழு கொட்டைக்குள்ள போயிரும், காய் வளர வளர அது போன வழி மூடிக்கும். எங்க க்ளாஸ்ல இதைச் சொன்னப்ப "அப்ப நாம சாப்ட்ட சதை வழியா போச்சா சார்"னு ஒரு பொண்ணு கேட்டா, அன்னிக்கு சத்துணவு சாப்பாட்டுல மாங்கா ஊறுகாய யாரும் தொடல :)

---

ரிட்டயர்டு_ஹெச்ஐ:

நான் சுகாதார ஆய்வாளரா வேலை பாத்து ஓய்வு பெற்றவன். டீச்சர் சொன்ன பழ ஈ சோதனை நல்லது. ஆனா யாராவது அடுத்து "கொசுப்புழுவையும் பாட்டில்ல வளத்து பாக்கலாம்"னு சொல்லப் போறீங்க, அதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். ஃப்ரிட்ஜ் ட்ரேல வந்தது பெரும்பாலும் ஏடிஸ், டெங்கு பரப்பற ஜாதி, கால்ல வெள்ளை வரி இருக்கும், பகல்ல கடிக்கும். அதை வீட்ல பறக்க விடக் கூடாது. பாத்தே ஆகணும்னா ஒரு நாள் ரெண்டு நாள் கண்ணாடி டம்ளர்ல வச்சு துணியால இறுக்கிக் கட்டிப் பாருங்க, உருண்டையா கமா மாதிரி சுருண்டு நிக்கற கூட்டுப்புழு தெரிஞ்ச உடனே காஞ்ச மண்ணுல கொட்டிருங்க. கூட்டுப்புழு எதுவும் தின்னாது, ரெண்டு நாள்ல கொசுவா வெளில வந்துரும். சாக்கடைல மட்டும் கொட்டாதீங்க.

அந்த டம்ளர்ல என்ன காட்டணும்னா, புழு தலைகீழா தொங்கிட்டு வால் பக்கம் இருக்கற குழாய தண்ணி மட்டத்துக்கு நீட்டி மூச்சு விடும். மேல கைய அசைச்சு நிழல் விழ வைங்க, எல்லாம் சரட்டுன்னு கீழ ஓடும், மறுபடி மூச்சுக்கு மேல வரும். அப்புறம் ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, மேல ஏடு மாதிரி பரவுனா குழாய்க்கு காத்து கிடைக்காது, செத்துரும். பசங்களுக்கு இதுக்கு மேல பாடம் தேவையில்ல. கிணறு, டேங்க்ல வர்ற மலேரியா கொசுவோட புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது, தண்ணி மட்டத்துக்கு இணையா படுத்தே கிடக்கும், அதை வச்சே நாங்க டார்ச் வெளிச்சத்துல சொல்லிருவோம்.

இப்ப பெரியவங்களுக்கே தெரியாத ஒரு விஷயம். ஏடிஸ் முட்டைய தண்ணிக்குள்ள போடாது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல, ஈரமா இருக்கற சுவத்துல ஒண்ணு ஒண்ணா ஒட்டும், ஒரு தடவைக்கு 100 வரைக்கும். மிளகை விடச் சின்னது, கருப்பு, தூசின்னு நினைச்சுருவீங்க. தண்ணிய கொட்டிட்டா முட்டை போயிராது, காஞ்சு போய் மாசக் கணக்குல உயிரோட இருக்கும், மறுபடி தண்ணி ஏறினா பொரியும். அதனால ட்ரே, டிரம், பூச்சாடி எதுவா இருந்தாலும் கொட்டினா மட்டும் போதாது, உள்பக்கம் நார் போட்டுத் தேய்க்கணும். நம்ம ஊர் வெயிலுக்கு முட்டைலருந்து கொசு வர ஒரு வாரம் பத்து நாள், அதான் வாரம் ஒரு தடவைன்னு சொல்றது. சாயந்திரம் புகை அடிச்சுட்டுப் போறாங்களே, அது பறக்கற கொசுவத்தான் கொல்லும், ட்ரேல இருக்கற முட்டைக்கும் புழுவுக்கும் ஒண்ணும் ஆகாது.

---

வெளிப்படையா_சொல்றேன்:

தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், நாலாங்கிளாஸ் பையனுக்கு ஆண் கொசு பெண் கொசு சேர்றது எல்லாம் எதுக்கு? அடுத்து நம்மளப் பத்தி கேப்பான். நாங்கல்லாம் இதெல்லாம் தெரிஞ்சா வளந்தோம்? ஓடோமாஸ் தடவினோமா, நிலவேம்பு குடுத்தோமா, வலை கட்டி தூங்க வச்சோமான்னு போங்க.

---

மாடித்தோட்டக்காரி:

@வெளிப்படையா_சொல்றேன் சார், அவன் கேட்டாச்சே, இனி நாம சொல்லலன்னா வேன்ல கூட வர்ற ஏழாங்கிளாஸ் அண்ணன் சொல்லுவான், அது எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். நிலவேம்பு குடிங்க குடிக்காம போங்க, ட்ரேல இருக்கற முட்டைக்கு அது தெரியாதுல்ல.

சுபா, நான் கொசுலருந்தே ஆரம்பிக்க மாட்டேன், பரங்கிக் கொடிலருந்து ஆரம்பிப்பேன். ஒரு பழைய பெயின்ட் பக்கெட்ல ரெண்டு விதை போடுங்க. ஒரே கொடில ஆண் பூ தனியா பெண் பூ தனியா வரும், பெண் பூவுக்கு அடில குட்டியா ஒரு பிஞ்சு உருண்டை இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். காலைல சீக்கிரம் விரியும், வெயில் ஏறினா சுருங்கிரும், அதனால ஸ்கூலுக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே ஆண் பூவப் பறிச்சு இதழ உரிச்சுட்டு அந்த மஞ்சப் பொடிய பெண் பூ நடுவுல தடவச் சொல்லுங்க. இன்னொரு பெண் பூவை முந்தின நாள் சாயந்திரமே நூல் கட்டி மூடி வச்சுருங்க, எதுவும் தொடாத மாதிரி. தடவினது காயாகும், கட்டி வச்சது பிஞ்சுலயே மஞ்சளாகி உதிர்ந்துரும். எங்க வீட்டு வாண்டு இதைப் பாத்துட்டு தானாவே "அப்ப அப்பா பூவும் வேணும்"னா. அவ்வளவுதாங்க, யாருக்கும் வெக்கமும் இல்ல கூச்சமும் இல்ல.

அப்புறம் கொசுக்கு வாங்க. அப்பா கொசு கடிக்காது, பூவுல இருக்கற தேனைக் குடிச்சுட்டு இருக்கும், தலைல மீசை மாதிரி உணர்கொம்பு புசுபுசுன்னு இருக்கும், லென்ஸ் வச்சா நல்லா தெரியும். அம்மா கொசுவும் வயித்துப் பசிக்கு தேன்தான் குடிக்கும், முட்டை வளரத்தான் அதுக்கு ரத்தம் வேணும். ரெண்டும் ஒரு தடவை சேர்ந்தா போதும், அம்மா கொசு ஆயுசுக்கும் முட்டை போட்டுட்டே இருக்கும். இவ்வளவு சொன்னா ஒன்பது வயசுக்கு தாராளம். நம்மளப் பத்தி கேட்டா "மனுஷங்கள்லயும் அம்மாகிட்டருந்து ஒரு பாதி அப்பாகிட்டருந்து ஒரு பாதி, அம்மா வயித்துல கர்ப்பப்பைன்னு ஒரு இடத்துல வளரும்"னு சொல்லுங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

---

யாழ்_ரீச்சர்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில படிப்பிக்கிறன். எங்களுக்கு நுளம்பு (கொசு) எண்டால் விளையாட்டில்ல, 2017இல இலங்கை முழுக்க 186,000க்கு மேல டெங்கு. அதுக்கு முதல் வருசம்தான் மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது, ஒண்டு போக மற்றது வந்து நிண்டுது. பிள்ளையள் வளவைச் சுத்தி வந்து சிரட்டை, யோகட் கப், பழைய டயர், கூரைப் பீலி எண்டு எங்க தண்ணி நிக்குதோ அங்க குடம்பி (நுளம்புப் புழு) தேடுவினம். சின்னப் பிள்ளையளுக்குப் பயம் தெளியிறதுக்கு இதுதான் நல்ல வழி, தேடுற ஆள் பயப்பிடாது. பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வர முதல் தாங்கள் கண்டுபிடிக்க வேணும் எண்டு ஒரு போட்டி.

ஒரு பிள்ளை கேட்டுது, "நுளம்புக்கு டெங்கு வராதோ ரீச்சர்" எண்டு. வைரஸ் அதின்ர உடம்புக்குள்ள பெருகும், ஆனா அது எங்களை மாதிரிக் காய்ச்சல்ல படுக்காது. காய்ச்சல்காரரைக் கடிச்ச உடன அடுத்த ஆளுக்குக் குடுக்கவும் ஏலாது, ஒரு 8 தொடக்கம் 12 நாள் செல்லும். பிறகு சாகுமட்டும் குடுக்கும். அதாலதான் காய்ச்சல்காரரையும் பகலில வலைக்குள்ள படுக்க விடச் சொல்லுறது, ஆக்கள் அதைத் தனக்கு எண்டு நினைக்கினம், அது மற்றவைக்கு.

---

நர்ஸ்_மதுரை:

பேன் கேள்விய எல்லாரும் விட்டுட்டீங்களே. சுபா, சின்னவகிட்ட முதல்ல சொல்ல வேண்டியது, பேன் அழுக்குனால வர்றதில்ல, தலையோட தலை ஒட்டி விளையாடுனா ஏறிக்கும், அது குதிக்காது, பறக்காது, நடக்க மட்டும்தான் தெரியும். வியாதி எதையும் பரப்பாது, அரிப்புதான். சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிட்டா அதுல சீழ் புடிக்கலாம், அதனால நகத்த வெட்டி விடுங்க.

ஈர் முடியோட அடில, மண்டைத் தோல்ல இருந்து கால் அங்குலத்துக்குள்ள ஒட்டி இருக்கும், பசை போட்டாப்ல, ஊதினா போகாது. பொடுகுன்னா ஊதினா பறந்துரும். ஈர் பொரிய 7 லருந்து 10 நாள், பொரிஞ்ச குஞ்சு பெரிசாகி முட்டை போட மறுபடி அதே மாதிரி ஒரு வாரத்துக்கு மேல. நிறைய மருந்து பேனைக் கொல்லும், ஈரை விட்டுரும், அதான் ஒரு தடவை போட்டுட்டு "போயிருச்சு"ன்னு விட்டா ரெண்டு வாரத்துல திரும்ப தலை நிறைய. மருந்து எதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, பெரும்பாலும் 9 நாள் கணக்குல ரெண்டாவது தடவை போடச் சொல்லுவாங்க. இடைல ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைய நனைச்சு எண்ணெய் வச்சு பேன் சீப்பால உச்சிலருந்து நுனி வரைக்கும் வாருங்க, வெள்ளைத் துணில சீப்பத் தட்டி அவளையே எண்ணச் சொல்லுங்க. பெரிசு எத்தனை, குஞ்சு எத்தனைன்னு. குஞ்சு மட்டும் வருது பெரிசு வரலன்னா நீங்க ஜெயிச்சுட்டு வர்றீங்கன்னு அர்த்தம். வீட்ல மத்த தலையையும் பாருங்க, பாட்டி தலை உட்பட, பொதுவா அங்கதான் யாரும் பாக்க மாட்டாங்க. தயவுசெஞ்சு மொட்டை அடிச்சுராதீங்க, மண்ணெண்ணெய் தடவறேன்னு யாராவது வந்தா வாசலோட அனுப்பிருங்க.

---

சுபா_வேளச்சேரி:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். வாழைப்பழ பாட்டில் ரெடி, மாமியாரே அவங்க பழைய வேட்டித் துணிய கிழிச்சுக் குடுத்தாங்க, "மூடினதுலயும் வரும் பாரு"ன்னு பேரன்கிட்ட பந்தயம் வேற கட்டியிருக்காங்க. அவங்க தலையையும் பாத்தாச்சு, நர்ஸ் சொன்னது சரிதான், வேற எதுவும் கேக்காதீங்க. பரங்கி விதை நாளைக்கு.

ஹெச்ஐ சார்கிட்ட ஒரு டவுட், ட்ரேய தேய்க்கணும்னீங்க, எங்க ஃப்ரிட்ஜ்ல அது கழட்டவே வரல, கம்ப்ரஸரோட சேர்த்து ஃபிட் பண்ணியிருக்கு. என்ன பண்றது?

---

ரிட்டயர்டு_ஹெச்ஐ:

நிறைய மாடல்ல அப்படித்தாம்மா. ப்ளக்க புடுங்கிட்டு கம்ப்ரஸர் சூடு ஆறினப்புறம் பழைய ஸ்பாஞ்ச் வச்சு தண்ணிய ஒத்தி எடுத்துருங்க, அப்புறம் டூத் பிரஷ்ல சுத்தி ஓரத்தைத் தேய்ச்சு மறுபடி ஒத்துங்க. ஸ்பாஞ்சை வெயில்ல போட்டுக் காய வச்சு குப்பைல போட்டுருங்க, சிங்க்ல கழுவ வேணாம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்கோங்க, டார்ச்சை பையன்கிட்ட குடுத்துருங்க. ஏசி தண்ணி சொட்டற பக்கெட்டையும் அவன் லிஸ்ட்ல சேர்க்கச் சொல்லுங்க, அதை நீங்க எழுதவே இல்ல.