புல் காய்கிறது, வீட்டுக்காரர் மிச்சக்காசு தர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

கேட்பவர், விசுவமடு:
வணக்கம். நானும் மச்சானும் இரண்டு பெடியளும் சேர்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டு முற்றங்களில் தோட்டம் அமைத்துக் கொடுக்கிறோம். பரந்தன் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் தை மாதம் மலேசியன் புல் பதித்தோம். கிட்டத்தட்ட 2000 சதுர அடி. மாசி முழுக்கப் பச்சைப்பசேலென்று நின்றது. வைகாசியில் சோளகம் (வறண்ட தென்மேற்குக் காற்று) தொடங்கியதும் மஞ்சளடித்து, இப்போது திட்டுத்திட்டாகக் காய்ந்து போயிருக்கிறது. மதில் ஓரம்தான் படு மோசம். பழைய மாமரத்துக்குக் கீழே மட்டும் நன்றாக நிற்கிறது. வேலியோரம் வைத்த இக்சோராக் கன்றுகளிலும் குருத்திலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறார்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில், மாமனார்தான் பார்த்துக்கொள்கிறார். "புல் சரியில்லை, திரும்பப் பதித்துத் தந்தால்தான் மிச்சக்காசு" என்கிறார். பெடியளின் கூலியே அதற்குள்தான் இருக்கிறது. யூரியா போட்டால் எழும்பும் என்று கடையில் சொன்னார்கள். போடலாமா? இது நோயா?

பதில், வவுனியா (இதே தொழில்):
தம்பி, யூரியாவைத் தொடாதீர்கள். காய்ந்த நிலத்தில் யூரியா போட்டால் இருக்கிற புல்லும் கருகிவிடும்.

மாமரத்தடியில் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பதில் அதில்தான் இருக்கிறது. மலேசியன் புல்லுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். வன்னி வெயிலிலும் சோளகத்திலும் திறந்த முற்றத்தில் அதைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் ஒரு சதுர மீற்றருக்கு நாளுக்கு 5 லீற்றராவது போக வேண்டும். உங்களுடைய 2000 சதுர அடிக்கு அது 930 லீற்றர். அதாவது ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்று அநேகமாக முழுவதும் புல்லுக்கே. அந்த வீட்டில் அவ்வளவு விடுகிறார்களா? மாமனார் பின்னேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வருவார், அவ்வளவுதான் இருக்கும். மேல்மண் நனையும், வேருக்குப் போகாது.

பதில், முல்லைத்தீவு (ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்):
தண்ணீர்க் குறை உண்மைதான். ஆனால் மதில் ஓரம் கூடுதலாகக் காய்வதற்கு இன்னொரு காரணம் இருக்கலாம். புது வீடு என்கிறீர்கள். கட்டி முடித்ததும் சீமெந்துக் கழிவு, சாந்துக்கட்டி, உடைந்த கல் எல்லாவற்றையும் மதிலோரம் தள்ளி, மேலே கொஞ்சம் செம்மண் பரவிவிட்டுப் போவது வழக்கம். மண்வெட்டியால் ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது.

இக்சோராவுக்கு வந்தது இரும்புச்சத்துக் குறைபாடு. பழைய இலை மஞ்சளானால் நைதரசன் குறைவு என்று பார்ப்போம். குருத்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்பு. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு கூடினால் வேர் அதை எடுக்காது. குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் கடினமென்றால் (அந்த வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடித்திருக்கிறதா பாருங்கள்) நிலைமை இன்னும் கூடும். பெரஸ் சல்பேற்று (இரும்புச்சத்து உப்பு) லீற்றருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியுங்கள். மாபிள் தரையிலோ மதிலிலோ படவிடாதீர்கள், துருக்கறை பிடித்தால் போகாது. அடியில் நன்றாக உக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் போட்டு மூடிவிடுங்கள்.

கேட்பவர், விசுவமடு:
ஐயா, வெட்டிப் பார்த்தோம். மதிலோரம் நாலு விரல் மண்ணுக்குக் கீழே முழுக்கச் சாந்துக்கட்டி, சீமெந்துப் பையின் கடதாசி கூடக் கிடந்தது. வினாகிரி விட்டதும் சீறிக்கொண்டு பொங்கியது. மாமரத்தடி மண்ணில் ஒன்றும் இல்லை. கேத்திலிலும் வெள்ளை. மாமனாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், பேசாமல் நின்றார். இனிக் காசுக் கதையை எப்படி எடுப்பது?

பதில், மாங்குளம் (நாற்றுமேடை நடத்துபவர்):
தம்பி, அந்தக் குழியை மூடாமல் வையுங்கள். வினாகிரி ஊற்றுவதை வீடியோ எடுத்து வெளிநாட்டில் இருக்கிறவருக்கு நேரே அனுப்புங்கள். மாமனார் வழியாகப் போனால் கதை பாதியாகத்தான் போய்ச் சேரும்.

"இலவசமாகத் திரும்பப் பதிக்கிறேன்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். செய்த வேலைக்கான மிச்சம் ஒரு கணக்கு, இனிச் செய்யப்போவது இன்னொரு கணக்கு. கழிவு அள்ளுகிற கூலி, உழவு இயந்திரக் காசு, புது மண் எல்லாம் அவருடையது. உறவு முறியாமல் இருக்க வேண்டுமென்றால் பதிக்கிற கூலியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். பெடியளின் சம்பளத்தில் கை வைத்து ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், அந்தப் பிள்ளைகள் போனால் தொழிலே போய்விடும்.

இனி எடுக்கிற வேலைக்கு ஒரு பக்கக் கடதாசியாவது எழுதுங்கள். தண்ணீர் யார் விடுவது, எவ்வளவு, எத்தனை மாதம் என்று அதில் இருக்க வேண்டும். புல், மண், லொறிக்கான காசு முழுவதையும் முற்பணமாக வாங்குங்கள். பராமரிப்புக்கு மாதக்கணக்கு வேறு.

புது மண் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பாருங்கள். பார்த்தீனியம் என்ற களை நிற்கிற காணியில் அள்ளிய மண்ணென்றால் வேண்டாம். ஒரு லொறி போதும், அந்த வளவு முழுக்க வெள்ளைப் பூவாகிவிடும், தோலில் சொறியும் வரும்.

பதில், வவுனியா:
மாங்குளம் அக்கா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இப்போதே திரும்பப் பதிக்க வேண்டாம். கழிவை இப்போது அள்ளுங்கள், புல்லை ஐப்பசி மழையோடு வையுங்கள். மலேசியன் புல் மாமரத்தடிக்கு மட்டும். வெயில் படுகிற இடத்துக்கு அறுகு. வயலில் களை என்று பிடுங்குகிற அதே அறுகுதான், ஒழுங்காக வெட்டி வந்தால் கம்பளம் போல நிற்கும், சோளகத்தையும் தாங்கும். மதிலோரம் மூன்று அடிக்குப் புல்லே வேண்டாம், கிரவல் போட்டு நித்தியகல்யாணி வையுங்கள்.

கேட்பவர், விசுவமடு:
வீடியோ அனுப்பினேன். அவரே எடுத்துக் கதைத்தார். மிச்சத்தில் பாதி இந்த வாரம், மீதி கழிவு அள்ளி முடிந்ததும் என்று ஒத்துக்கொண்டார். அறுகுக்குக் கொஞ்சம் முகம் சுளித்தார், தண்ணீர்க் கணக்கைச் சொன்னதும் சரி என்றார். அறுகை எப்படி வைப்பது, கட்டியாகவா?

பதில், வவுனியா:
கட்டி தேவையில்லை. கொடியைக் கணுவோடு துண்டாக்கி ஒரு சாண் இடைவெளியில் ஊன்றுங்கள், மழைக்குள் மூடிவிடும். கேற்றை மட்டும் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். கட்டாக்காலி மாடு ஒரு இரவு உள்ளே வந்தால் ஊன்றினதெல்லாம் கிளம்பிவிடும்.