‘ஆச்சி வீட்டு ஆக்கள்’ குழு: கொல்மார் சம்பந்திமாருக்கு ஒரு கோழி

சனி

துஷி 10:12
மாமா எழும்பீட்டிங்களோ? நாளைக்கு இவற்ற அம்மா அப்பா கொல்மார்ல இருந்து வாறினம். மத்தியானம் நான்தான் சமைக்கிறன். பெஃப் பூர்கினியோன், அதுதான் வைன்ல வேக வைக்கிற மாட்டிறைச்சி, வைச்சு, பூர்கோஞ் சிவப்பு வைன் ஒண்டு வாங்கட்டோ?

அம்மா 10:14
மாடு என்ர வீட்டுக்க ஏறாது. இப்பவே சொல்லிப்போட்டன்.

மாமா 10:31
ராத்திரி ஒரு மணிக்குத்தான் கிச்சின் கழுவி முடிச்சது, இப்பதான் கண் முழிச்சனான். அக்கா சொல்லுறது ஒருபக்கம் கிடக்கட்டும். வாற ஆக்கள் கிழக்குப் பிரான்ஸ், அல்சாஸ் பக்கம். அவையளுக்கு ஏன் பூர்கோஞ் சமையல்? கோழியை அவையின்ர வெள்ளை வைன் ரீஸ்லிங்கில வை. கொக் ஓ ரீஸ்லிங்.

துஷி 10:33
அவையின்ர சமையலையே அவைக்கு வைக்கப் பயமா இருக்கு மாமா 😬

மாமா 10:40
பிழைச்சா மாமியார் வந்து கரண்டியைப் பிடிப்பா. நல்லதுதானே. இதில பெரிய வித்தை ஒண்டும் இல்லை பிள்ளை. பூர்கோஞ்சில கோழியைச் சிவப்பு வைன்ல வைக்கினம், பினோ நுவார். அல்சாசில ரீஸ்லிங். ஜூராவில வன் ஜோன் எண்ட மஞ்சள் வைன் விட்டு மோரி எண்ட காளானும் போடுவினம். ஒரே கோழி, ஊர் மாற வைன் மாறும். சட்டிக்க என்ன ஊத்தினியோ அதையே கிளாசிலயும் ஊத்து. முடிஞ்சுது கதை.

துலூஸ் அண்ணா 10:44
வன் ஜோன் கட்டைப் போத்தல் எல்லோ? விலையைப் பாத்திட்டு திருப்பி வைச்சிட்டு வந்தனான்.

மாமா 10:47
ஓம், 62 சென்ரிலீற்றர்தான். ஆறு வருசமும் மூண்டு மாசமும் பீப்பாக்குள்ள கிடக்கோணும், குறையக் குறைய நிரப்பவும் மாட்டினம். பேந்து எப்பிடி மலிவாக் குடுக்கிறது? எங்கட ஷெஃப் அதைப் பூட்டி வைச்சிருக்கிறார்.

பெரியம்மா (கனடா) 13:05
எனக்கு விளங்கேல்லை. ஏன் உந்த வைன்தான் வேணுமெண்டு நிக்கிறியள்? எல்லாம் புளிச்ச தண்ணிதானே.

மாமா 13:22
அந்தப் புளிப்புத்தான் பெரியக்கா விசயம். உந்தக் கோழிக்குக் கடைசியில கிறீம் போகும். நாங்கள் சொதியை இறக்கிப்போட்டு தேசிக்காய்ப் புளி விடுறேல்லையே? பால் வாயில ஒட்டாமல் இருக்கிறதுக்கு. ரீஸ்லிங் செய்யிற வேலையும் அதுதான்.

பெரியம்மா (கனடா) 13:25
அப்ப சரி 👍

துலூஸ் அண்ணா 13:31
இஞ்ச பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருக்கா கசூலே சாப்பிடக் கூப்பிட்டவர். அவரை, தாராக்கால், சொசேஜ், எல்லாம் கொழுப்புக்க முங்கிக் கிடக்கு. அதோட மதிரான் எண்டு ஒரு சிவப்பு. தனியக் குடிக்க நாக்கு வாழைப்பூக் கடிச்ச மாதிரி துவர்த்துப் போச்சு. கசூலேயோட ஒரு வாய், பேந்து ஒரு மிடறு... ஆகா. ரெண்டு கோப்பை சாப்பிட்டனான்.

மாமா 13:38
மதிரான் செய்யிற தன்னா முந்திரிகை, அதுதான் திராட்சை, அப்பிடித்தான். அந்தத் துவர்ப்பை மீனோட குடிச்சால் வாயெல்லாம் இரும்பு மணக்கும். நாந்துப் பக்கம் மூல் எண்ட மட்டி வைச்சால் முஸ்காதே வெள்ளை வைன்தான். எண்டாலும் உதைச் சட்டமா எடுக்காதேங்கோ. நோர்மண்டியில முந்திரிகையை விட அப்பிள்தான் விளையுது, அவையள் கிறீம் கோழிக்கு சீதர் எண்ட அப்பிள் மது ஊத்தினம். அருமையா இருக்கும்.

துஷி 16:50
[படம்]
வாங்கீட்டன்!! நீட்டுப் போத்தல், அல்சாஸ் எண்டு போட்டிருக்கு. 24 யூரோ 😎

மாமா 17:02
படத்தைப் பெருப்பிச்சுப் பார். “வோந்தாஞ் தார்திவ்” எண்டெல்லோ கிடக்கு. முந்திரிகையைக் கொடியிலயே கனக்க நாள் பழுக்க விட்டுப் பிந்திப் பிடுங்கினது. இனிப்பு வைன். முந்திரிகையும் ரீஸ்லிங் இல்லை, கெவுர்ஸ்ராமினர். கோழிக்க ஊத்தினியோ, பாயசம்தான்.

துஷி 17:03
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா 17:04
பொம்பிளைப் பிள்ளை எழுதுற சொல்லே உது?

மாமா 17:06
கவலைப்படாதை, எறிய வேண்டாம். மன்ஸ்டர் சீஸ் ஒண்டு வாங்கி அதோட கடைசியில குடு. அல்சாஸ் ஆக்களுக்கு அது உயிர். மேல கொஞ்சம் கார்வி தூவோணும், கடையில குமன் எண்டும் எழுதியிருக்கும், எங்கட சீரகத்தின்ர ஒன்றுவிட்ட சகோதரம். சமைக்க வேற ரீஸ்லிங் ரெண்டு வாங்கு, “செக்” எண்டு போட்டது, இனிப்பில்லாதது. பத்துப் பன்னிரண்டு யூரோ காணும்.

நான் முதல் வருசம் இதைவிட மோசம். வேலைக்குச் சேந்து மூண்டாம் மாசம், மீன் சூப்புக்கு “கசிஸ் கொண்டு வா” எண்டார் அப்ப இருந்த ஷெஃப். மார்செய்க்குப் பக்கத்தில கசிஸ் எண்டு ஒரு ஊர், அந்த ஊர் வெள்ளை வைனைத்தான் கேட்டவர். நான் கிறெம் து கசிஸ் எடுத்து அரைப் போத்தல் கவிட்டுப்போட்டன். கறுப்புப் பழத்தில செய்யிற இனிப்பு மது. சட்டி முழுக்க நாவல்பழ நிறம். அண்டைக்கு நான் படிச்ச பிரெஞ்சு வேற ஒருத்தரும் படிப்பிக்கேலாது.

துலூஸ் அண்ணா 17:09
😂😂😂

அம்மா 17:20
தம்பி, வைன் எல்லாம் கொதிச்சுப் போயிடுமோ? நான் சாப்பிடலாமோ?

மாமா 17:28
முழுக்கப் போகாது அக்கா. பொய் சொல்ல மாட்டன். உனக்கு ரெண்டு துண்டு வேற சட்டியில வைக்கச் சொல்லு.

துஷி கேள். ஒரு கோழி, எட்டுத் துண்டு. பட்டரில பொன்னிறமா வாட்டி எடு. அதே சட்டியில சின்ன வெங்காயம், காளான். கோழியைத் திருப்பிப் போட்டு அரை லீற்றர் ரீஸ்லிங், மெல்லிய நெருப்பில முக்கால் மணித்தியாலம். கிறீம் கடைசியில, விட்டாப்பிறகு தளதளவெண்டு கொதிக்க விடாதை. உப்பும் கடைசியில பார், வைன் வத்த உப்பு ஏறும். ஸ்பெட்ஸ்ல எண்ட முட்டை நூடில்ஸோட வைச்சுக் குடு. மிளகாய்த்தூள் பக்கம் போகாதை.

ஞாயிறு

அம்மா 09:15
பிரிட்ஜைத் திறக்கேலாது. எதோ செத்துக் கிடக்கு.

துஷி 09:16
மன்ஸ்டர் அம்மா 🙈

அம்மா 09:18
நான் கருவாடு பொரிச்சா யன்னலைத் திற எண்டு கத்துவாய். இப்ப?

துஷி 17:45
மாமா!! சட்டி வழிச்சாச்சு. மாமனார் பாணால துடைச்சுச் சாப்பிட்டவர். மாமியார் மட்டும் கிறீம் கொஞ்சம் கூடவாம். மன்ஸ்டரும் அந்த இனிப்பு வைனும் சொல்லி வேலை இல்லை.

ஆனா அம்மா தன்ர ரெண்டு துண்டையும் மிளகுக் குழம்பா வைச்சுப்போட்டா. மாமனார் அதையும் எட்டி எடுத்து, மிச்ச ரீஸ்லிங்கோட முடிச்சிட்டார். எனக்கு ஒரு துண்டும் இல்லை.

மாமா 17:52
அக்கா, அடுத்த முறை நாலு துண்டா வை.

அம்மா 17:55
அடுத்த முறை முழுக் கோழி. கொல்மாருக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கினம், தூளும் கொண்டு போகோணும்.