லாஸ் ஏஞ்சலஸில் ஜப்பானியப் பெரியவர்களுக்கு எதைக் காட்டலாம்?

வணக்கம் நண்பர்களே. என்னுடன் வேலை பார்க்கும் ஜப்பானியத் தோழியின் பெற்றோர் ஏப்ரல் கடைசியில் ஒசாகாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வருகிறார்கள். அவளுக்கு முழு வாரமும் லீவு கிடைக்கவில்லை. அதனால் பாதி நாட்கள் ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு எனக்கு. இருவருக்கும் எழுபது வயதைத் தாண்டிவிட்டது, ஆங்கிலம் அவ்வளவாக வராது.

அப்பாவுக்கு இங்குள்ள டாட்ஜர்ஸ் அணியில் ஆடும் ஜப்பானிய பேஸ்பால் வீரர் ஒஹ்தானி என்றால் உயிர். அந்த அணியின் டாட்ஜர் ஸ்டேடியத்தை ஜப்பானிய மொழியிலேயே சுற்றிக் காட்டும் டூர் இருக்கிறது, அது சரி. ஆனால் ஒரு மேட்சும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். டிக்கெட் உள்ளவர்களுக்கு யூனியன் ஸ்டேஷனிலிருந்து இலவச பஸ் உண்டு. மேட்ச் முடிந்து திரும்பும் கூட்டத்தில் வயதானவர்கள் அதில் ஏற முடியுமா, காரிலேயே போய்விடுவது நல்லதா? பகல் மேட்ச் என்றால் எந்தப் பக்கம் நிழல் இருக்கும்?

இங்குள்ள ஜப்பானியப் பேட்டையான லிட்டில் டோக்கியோவை ஜப்பான்காரர்களுக்கே காட்டுவதா என்று தோழி தயங்குகிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மியாகோ ஹோட்டல் சுவரில் ஒஹ்தானியின் பிரம்மாண்ட ஓவியம், 1903 முதல் மோச்சி என்ற அரிசி இனிப்பு செய்து விற்கும் ஃபுகெட்சு-டோ கடை, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்த ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்களின் கதை, இதெல்லாம் ஒசாகாவில் பார்க்க முடியாதே!

அப்புறம், அம்மாவுக்குத் தோட்டம் என்றால் ஆசை. பெரிய தோட்டங்கள் உள்ள ஹண்டிங்டன் நூலகமா, தோட்டத்தோடு கூடிய கெட்டி சென்டர் கலைக்கூடமா, எதில் நடை குறைவு? கிரிஃபித் வானாய்வகத்தில் மாலையில் பார்க்கிங் கிடைக்குமா? பெரியவர்களை அழைத்துப்போன அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.