ஜம்ப் ஸ்கேருக்குத் தமிழில் என்ன?

கயல்:
வணக்கம். திகில் பட ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த படங்களைப் பற்றிப் பேசும் ஓர் ஆவணப்படத்துக்குத் துணைத்தலைப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஜம்ப் ஸ்கேர் என்றாலே எரிச்சல், மீதிப் பேர் அதற்காகவே படம் பார்க்கிறவர்கள். குளியலறை அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறக்கிறாள், ஒன்றுமில்லை. மூடுகிறாள், கண்ணாடியில் அவள் தோளுக்குப் பின்னால் ஒரு முகம், கூடவே காதைக் கிழிக்கும் வயலின். இந்த உத்திக்கு ஒரு பெயர் வேண்டும். ‘திடீர்ப் பயமுறுத்தல்’ என்று போட்டுப் பார்த்தேன். வரியில் பாதியைத் தின்றுவிடுகிறது. படித்து முடிப்பதற்குள் பேய் போய்விடும்.

நிலாப்பித்தன்:
இதற்கு ஏன் புதுச்சொல்? ‘தூக்கிவாரிப் போட்டது’ என்று எல்லோரும் சொல்கிறோமே! உடம்பு நாற்காலியை விட்டு எழும்புவதுவரை அதில் இருக்கிறது. ‘தூக்கிவாரி’ என்று சுருக்கிவிடுங்கள்.

தும்பி:
சுருக்கினால் மண்வெட்டி மாதிரி ஒரு கருவியின் பெயராகத் தெரிகிறது. தவிர, தூக்கிவாரிப் போடுவது பார்க்கிறவனுக்கு. கயல் கேட்பது இயக்குநர் செய்வதற்கு. ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. திடுக்கம், துணுக்கம் எல்லாம் இதே காரணத்தால் அடிபடும். ‘துணுக்கு’ என்று போட்டால் வார இதழ் நகைச்சுவை ஆகிவிடும் என்பது வேறு கதை. திடுக்கு என்பதோடு ‘ஊட்டு’ சேர்த்து ‘திடுக்கூட்டு’ ஆக்கலாம் என்றால், படிப்பவர் திடுக் தனி, கூட்டு தனி என்று பிரித்துத் தொலைப்பார்.
நம்மிடம் சுருள்–சுருட்டு, உருள்–உருட்டு, மருள்–மருட்டு இருக்கின்றன. அதே வரிசையில் வெருள்–வெருட்டு. வெருள்பவன் பார்வையாளன், வெருட்டுவது படம். நான்கே எழுத்து. முடிந்தது.

அலை:
முடியவில்லை, தும்பி. ஈழத்தில் வெருட்டு இப்போதும் வாயில் புழங்கும் சொல். ஆனால் அதற்கு மிரட்டல் என்றுதான் பொருள். கடன் கேட்டவனை வெருட்டுவார்கள், பிள்ளைகளை வெருட்டுவார்கள். அதில் ‘திடீர்’ கிடையாது. வெருளி என்றால் வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை. அதையே ஃபோபியாவுக்கும் சிலர் எழுதுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளை வேண்டுமா?

ஆலமரம்:
பிள்ளைகளே, தொல்காப்பியத்தை யாராவது எடுப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மெய்ப்பாட்டியலில் ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’ என்கிறார். அணங்கு என்றால் பேய்ப் படம். விலங்குக்கு 1975-இல் வந்த ஜாஸ் போதும். கள்வர் வகையில் முகமூடிக் கொலைகாரர்கள் அத்தனை பேரும் அடங்குவர். ‘தம் இறை’க்குத்தான், அதாவது அரசனுக்குத்தான், உடனே படம் அகப்படவில்லை. உடம்பு அழுகுவதையும் உருமாறுவதையும் காட்டும் படங்களை அச்சத்தில் சேர்க்காதீர்கள். அவை இளிவரல், அதாவது அருவருப்பு. மூப்பும் பிணியும் அங்கேதான் வருகின்றன.

நிலாப்பித்தன்:
ஐயா, அருமை. பட வகைகளுக்கு இதைவிட நல்ல பகுப்பு நான் பார்த்ததில்லை. ஆனால் இது எதற்குப் பயப்படுகிறோம் என்கிறது. எவ்வளவு வேகத்தில் என்று சொல்லவில்லையே.

ஆலமரம்:
அதற்குத்தான் வருகிறேன். அதே நூலின் உரியியலில் ‘பேநாம் உருமென வரூஉங் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள.’ பே என்றாலே அச்சம். பேயின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பேன். மூன்றாவதைப் பாருங்கள். உரும் என்றால் அச்சம், உரும் என்றால் இடியும்கூட. எதிர்பாராத பெருஞ்சத்தமும் அச்சமும் ஒரே சொல்லில். கயல் கேட்டது அப்படியே இருக்கிறது. உரும் என்று போடுங்கள்.

நிலாப்பித்தன்:
துணைத்தலைப்பில் ‘இந்தப் படத்தில் உரும் அதிகம்’ என்று வந்தால், பின்னணி இசையில் உறுமி மேளம் அதிகம் என்று நினைப்பார்கள்.

வழிப்போக்கன்:
தாமதமாக வருகிறேன். நீங்கள் எல்லோரும் மரியாதையான சொல்லாகத் தேடுகிறீர்கள். அந்த உத்திக்கு அவ்வளவு மரியாதை இல்லை. பூச்சாண்டி என்று வையுங்கள். ‘சும்மா பூச்சாண்டி காட்டுகிறான்’ என்றால் அதிலேயே விமர்சனமும் வந்துவிடும். பூச்சு + ஆண்டி, திருநீறு பூசிய ஆண்டி என்று பிரிப்பார்கள். எனக்கென்னவோ ‘பூச்சி காட்டுதல்’தான் முந்தியது என்று படுகிறது.

தும்பி:
வேரை விடுங்கள். பூச்சாண்டி விமர்சனச் சொல், கலைச்சொல் ஆகாது. அந்த உத்தியை ரசிப்பவர் ‘எனக்குப் பூச்சாண்டி பிடிக்கும்’ என்று சொல்லுவாரா?

வழிப்போக்கன்:
ஏன் சொல்லக்கூடாது? எனக்குப் பிடித்தது யாவரும் நலம் (2009). லிஃப்ட் கதாநாயகன் ஒருவனுக்கு மட்டும் வேலை செய்யாது. யாரும் கத்தவில்லை, எதுவும் குதிக்கவில்லை. அப்புறம் தொலைக்காட்சித் தொடரில் அவன் வீட்டுக் கதையே ஓட ஆரம்பிக்கிறது. அந்தப் பயம் படம் முடிந்தும் போகாது. ஜம்ப் ஸ்கேர் முகத்துக்கு நேரே கை தட்டுவது போல. தட்டினால் யாருக்கும் கண் இமைக்கும், அதற்குத் திறமை வேண்டாம்.

நிலாப்பித்தன்:
திறமை வேண்டாமா? கேட் பீப்பிள் (1942) பாருங்கள். இரவில் மதிலோரம் ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றுபோகிறது. அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. சட்டென்று ஒரு சீறல், விலங்குதான் பாய்கிறது என்று நினைக்கிறோம். வந்து நிற்பது ஒரு பேருந்து. தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரில் அந்த உத்தியையே ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள். ரத்தமில்லை, பேயில்லை, படத்தொகுப்பு மட்டும்தான். எனக்கு இந்த வகைதான் பிடிக்கும், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தும்பி:
ஆவணப்படம் முழுக்கத் ‘திகில்’ என்று எழுதப்போகிறீர்களா, கயல்? கன்னடத்தில் திகிலு, தெலுங்கில் திகுலு இருக்கிறது. கடன்சொல்லா என்று பார்க்க வேண்டாமா?

அலை:
பக்கத்து வீட்டில் இருந்தால் கடன், நம் வீட்டில் இருந்தால் சொத்தா? ஒரே தாய்வழிச் சொல்லாகவும் இருக்கலாம். ‘அமானுஷ்யம்’ வடசொல் என்று அஞ்சி ஓடிவந்தால் திகிலையும் பிடுங்குகிறீர்கள்!

கயல்:
திகிலை யாரும் தொட வேண்டாம், தலைப்பிலேயே இருக்கிறது. நாளை கொடுக்க வேண்டும். என் வசதிக்கு ‘திடுக் காட்சி’ என்று வைத்துக்கொள்கிறேன். சிறியது, கேட்டதும் புரிகிறது. பூனை குதித்துப் பொய்யாகப் பயமுறுத்தினால் ‘பொய்த் திடுக்’ என்றும் எழுதலாம். ஒருவர் கோபத்தில் இகழ்ந்து பேசும் இடத்தில் மட்டும் வழிப்போக்கன் அண்ணாவின் பூச்சாண்டியைப் போட்டிருக்கிறேன், நன்றாக உட்கார்ந்தது. ஆட்சேபம் உண்டா?

அலை:
சரி.

நிலாப்பித்தன்:
சரி. ‘தூக்கிவாரிப் போட்டது’ எங்காவது வினையாக வந்தால் மகிழ்ச்சி.

தும்பி:
திடுக் என்பது ஒலிக்குறிப்பு, பெயரல்ல. இலக்கணப்படி ‘திடுக்குக் காட்சி’ என்று வர வேண்டும். இருந்தாலும் நேரமில்லை என்பதால் எதிர்க்கவில்லை. என் சொல் வெருட்டுதான், அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கயல்:
பதிவு செய்தாகிவிட்டது. கோப்பை அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

ஆலமரம்:
அனுப்பியது இருக்கட்டும். அந்தப் பேருந்து முதலில் சீறியதா, தெரிந்ததா? சீறல் என்று நிலாப்பித்தனே எழுதியிருக்கிறார். காதில் விழுந்ததைக் ‘காட்சி’ என்று எப்படி எழுதுவீர்கள்? அதற்கு உரும்தான்.